டீசலில் பெயர் எழுத முடியாது

தம்பி,

நீ அனுப்பிய இரண்டாவது நிதி சேகரிப்புப் பக்கத்தின் வரைபைத் திறந்து நிதானமாக வாசித்தேன். மேலே புதிதாக வாங்கப்போகும் வான் வண்டியின் படம். அதற்குக் கீழே சேர்க்க வேண்டிய தொகை. அதற்கும் கீழே "அம்மா எழுதும் கதை இங்கே வரும்" என்று ஒரு வெற்றுப் பெட்டி. முதல் நிதி சேகரிப்பு இலக்கைத் தாண்டியதால் இதுவும் தாண்டும் என்று எழுதியிருக்கிறாய். ரொறன்ரோவில் உங்கள் பழைய மாணவர் சங்க விருந்தில், இணையத்தில் நல்ல காரியத்துக்குக் காசு சேர்ப்பது எப்படி என்று பேச உன்னை அழைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னாய். அந்தப் பெட்டிக்குள் போட நான் எதுவும் எழுதவில்லை. அதற்குப் பதிலாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லிப் பார்த்தேன். நீ வேலைக்குப் போகும் ரயிலில் இருப்பாய், இல்லாவிட்டால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிக்கொண்டிருப்பாய். "அம்மா, பிறகு கதைப்பம்" என்பாய். எழுத்தை அப்படி இடையில் நிறுத்த முடியாது. உன் சங்கத்து ஆட்களும் வாசிக்கட்டும் என்றுதான் இதைப் பகிரங்கமாக எழுதுகிறேன். எனக்குக் கோபம் இருக்கிறது, அதை மறைக்கப்போவதில்லை. ஆனால் நடந்ததற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. பத்திரிகையில் இருந்த காலமெல்லாம் அப்படித்தான் எழுதினேன், இப்போது மாற்றிக்கொள்ள வயதில்லை.

அவர்களுக்குப் பின்னணி தெரியாமல் இருக்கலாம் என்பதால் தொடக்கத்திலிருந்து வருகிறேன். உன் அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் இரண்டு நாள் யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டியிருந்தது. இணுவிலில் இருந்து ஓட்டோவில் கூட்டிப் போய்க் கூட்டி வந்தேன். எங்கே போனாலும் முன் இருக்கையும் யன்னலும் தனக்கு என்று அடம்பிடிக்கிற மனிதர் அவர் என்பது உனக்குத் தெரியும். வார்டிலும் யன்னலோரக் கட்டில் கேட்டுத் தாதிமாருடன் வழக்குப் பேசுவார். பக்கத்துக் கட்டிலில் ராசேஸ்வரி. கரவெட்டியில் வீட்டில் இருந்து பள்ளிச் சீருடை தைக்கிறவள், கணவன் மேசன் வேலை. "அண்ணை, உங்களை விட்டால் டொக்டரின்ரை கதிரையையும் கேப்பியள்" என்று அவள் நக்கலடிப்பாள். அவரும் சளைக்கமாட்டார், தன் சேர்ட்டுக்குப் பொத்தான் தைத்துத் தந்தால் யன்னலை விட்டுத்தருவதாகப் பேரம் பேசுவார். பொத்தான் தைக்கப்பட்டது, யன்னல் விடப்படவில்லை.

நாங்கள் ஓட்டோவில் ஏறும் நேரம் ராசேஸ்வரி தன் ஊர்ப்பக்கம் போகும் நெல்லியடி பஸ்ஸுக்கு நடப்பாள். ஊசி ஏற்றுவதற்காக அவளுடைய இடது கையில் நரம்பை இணைத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது, கம்பியில் தொங்கக்கூடாது, யாரும் அதில் இடிக்கவும் கூடாது. சுத்திகரித்து முடிந்ததும் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அந்த நிலையில் நெரிசலான மினிபஸ்ஸில் மற்றக் கையால் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பாள். பஸ் தரிப்பிடத்தில் மயங்கி விழுந்தும் இருக்கிறாள். அப்பாவின் செத்தவீட்டுக்கு அவள் ஆஸ்பத்திரியில் இருந்து நேராக வந்தாள், கையில் பஞ்சு ஒட்டியபடியே. எப்படி வந்தீர்கள் என்று நீதான் கேட்டாய். இரண்டு பஸ் மாறி வந்தேன் என்றாள். அவளுடைய வடமராட்சிப் பக்கத்தில் இருந்து சுத்திகரிப்புக்குப் போகிறவர்களை ஏற்றி இறக்க ஒரு வான் வேண்டும் என்ற யோசனை அன்றைக்கு எங்கள் முற்றத்தில் வைத்து உனக்கு வந்தது. நல்ல யோசனை. அது உன்னுடையது, அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை. இனி நான் எழுதப்போவது அதற்குப் பிறகு நடந்தவை.

பக்கத்துக்குக் கதை எழுதித் தரச் சொன்னாய். நான் ராசேஸ்வரி வீட்டுக்குப் போய், எழுதலாமா என்று முதலில் கேட்டு, எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டி, அவள் ஓம் என்ற பிறகுதான் உனக்கு அனுப்பினேன். ஒரு நிபந்தனை போட்டாள். "அழுகிற படம் மட்டும் போடாதேங்கோ அக்கா, எனக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கு." தையல் இயந்திரத்துக்குப் பின்னால் அவள் இருக்கும் படம் எடுத்தோம். நீ அதை மதித்தாய், அதற்கும் நன்றி. முதலில் உன் காசைப் போட்டு, பிறகு சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் பெயர் சொல்லித் தனித்தனியாகக் கேட்டாய், பக்கத்தை எல்லோருக்கும் திறப்பதற்கு முன்பே கொஞ்சம் சேர்ந்திருந்தது. வெறும் பானையில் முதல் பிடி அரிசியைப் போட ஆளுக்கு ஆள் தயங்குவார்கள், பாதி நிரம்பிய பானையில் போடத் தயங்கமாட்டார்கள் என்று நீ விளக்கியது சரிதான். வானின் விலையை, பதிவுச் செலவை, இணையத் தளம் எடுக்கும் பங்கை எல்லாம் வெளிப்படையாகப் போட்டாய். வாரம் தவறாமல் செய்தி எழுதினாய். ஆனாலும் சேர்ந்த தொகையைக் காட்டும் பச்சைக் கோடு பாதியில் நின்றுவிட்டது. பக்கத்தைப் பார்க்கிறார்கள், இதயம் போடுகிறார்கள், வட்ஸ்அப்பில் கும்பிடுகிற கை போடுகிறார்கள், காசு போடவில்லை என்று நீ சலித்துக்கொண்ட நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன.

அப்போதுதான் உங்கள் சங்கத்தில் யாரோ ஒருவர் உன்னிடம் கேட்டார்: "தம்பி, பெயர் போடுவியளோ?" எங்கள் ஆட்களிடம் காசு இல்லை என்பதல்ல, இரக்கம் இல்லை என்பதுமல்ல. செத்துப்போன தாய் தகப்பனுக்குத் தூரத்தில் இருந்து என்ன செய்வது என்று தெரியாத தவிப்பு அவர்களிடம் இருக்கிறது. கோயில் மணியில், பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தாங்கியில், பஸ் தரிப்பிடத்துக் கூரையில், சுடலை மடத்தில், எங்கும் அந்தத் தவிப்பு எழுதப்பட்டிருக்கிறது. நீ பக்கத்தில் ஒரு வரி சேர்த்தாய். குறிப்பிட்ட தொகைக்கு மேல் தருகிறவர்கள், தங்கள் குடும்பத்தில் காலமானவர் ஒருவரின் பெயரை வானில் எழுதுவிக்கலாம். அவ்வளவுதான். நின்ற கோடு எழும்பி ஓடியது. ஒரு வாரம் முடிவதற்கு முன் இலக்கைத் தாண்டிவிட்டது. நீ தொலைபேசியில் சிரித்த சிரிப்பில் நானும் சேர்ந்து சிரித்தேன்.

பெயர்களைத் திருத்தும் வேலையை எனக்குத் தந்தாய். நான் பத்திரிகையில் சேர்ந்தபோது முதலில் தந்த வேலையும் அதுதான், மரண அறிவித்தல்களைப் பிழை பார்ப்பது. செய்தியில் அமைச்சரின் பெயர் பிழைத்தால் மறுநாள் ஒரு வரியில் திருத்தம் போடலாம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அழைப்பில் மருமகனின் பெயர் விடுபட்டால் அலுவலகத்துக்கு ஆள் வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பெயரின் முதலெழுத்தையும் ஊரையும், சின்ன ரகரமா பெரிய றகரமா என்பதையும் குடும்பத்தாரிடம் கேட்டு உறுதிப்படுத்தினேன். ஸ்ரிக்கர் வெட்டும் கடையில் கதிரை போட்டு இருந்து பார்த்தேன். ஒரு பிழை இல்லை. அமரர் இன்னார் ஞாபகார்த்தமாக, அமரர் இன்னார் ஞாபகார்த்தமாக என்று வலது பக்கம், இடது பக்கம், பின்கதவு, சில்லுக்கு மேல் வளைந்த இடம், வெள்ளை வானில் எல்லாம் கறுப்பு எழுத்து. முன் கண்ணாடிக்கு மேலே எல்லாவற்றிலும் பெரிதாக உன் அப்பாவின் பெயர். அது உன் விருப்பம். ஒவ்வொரு பெயரையும் பார்த்த நான், வானைத் தள்ளி நின்று ஒருதரம் பார்க்கவில்லை. நீ கனடாவில் இருந்தாய், உனக்கு அதைப் பார்க்க வழியில்லை. எனக்கு இருந்தது.

முதல் ஓட்டத்தில் நானும் போனேன். சாரதி வசந்தன், முந்திப் பள்ளிக்கூட வான் ஓடிய பெடியன். கோப்பாய்ச் சந்திக்கு வருவதற்குள் அவனுடைய முகம் மாறிவிட்டது. முன்னால் சைக்கிளில் போனவர்கள் இறங்கி ஓரமாக நின்றார்கள். ஒரு வயதானவர் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் பிடித்தார். சந்தியில் நின்ற பொலிஸ்காரர் மற்ற வாகனங்களை மறித்து எங்களுக்கு வழி விட்டார். நீர்வேலியில் கடை வாசலில் நின்ற ஒருவர் யன்னலுக்குக் கிட்ட வந்து, "ஆரின்ரை செத்தவீடு, தம்பி?" என்று வசந்தனிடம் மெதுவாகக் கேட்டார். வசந்தன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வெளியே பார்த்தேன்.

நெல்லியடிச் சந்தியில் ஐந்தாறு பேர் காத்து நின்றார்கள். ராசேஸ்வரியும் நின்றாள். வான் போய் நின்றதும் ஒருவரும் கிட்ட வரவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உடுப்பிட்டியில் இருந்து வந்த ஒரு பெண் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தான் பஸ்ஸில் வருவதாகச் சொல்லி நகர்ந்தாள். இன்னொருவர் தொலைபேசியில் யாரையோ தேடுவது போல நின்றார். வருத்தக்காரர்கள், தம்பி, நோயோடு இருப்பவர்கள். ஒவ்வொரு முறையும் அந்த இயந்திரத்துக்குப் போகும்போது திரும்பி வருவோமா என்று நினைக்கிறவர்கள். அவர்கள் முன்னால் செத்தவர்களின் பெயரால் மூடிய வாகனத்தைக் கொண்டுபோய் நிறுத்தி, ஏறுங்கள் என்று சொன்னோம்.

ஒரே ஒருவர்தான் துணிந்து வந்தார். அந்தோனிப்பிள்ளையர், பருத்தித்துறைக் கரையில் இருந்து கடலுக்குப் போனவர், எழுபதைத் தாண்டியவர். வானின் இரண்டு பக்கமும் ஒரு நடை நடந்து பெயர்களை வாசித்தார். "எல்லாம் சைவக்காரர். எங்கடை மாதா கோயில் பங்கு ஆக்கள் ஒருத்தரும் இல்லை. எனக்கென்ன பயம்?" என்று சொல்லி ஏறி நல்ல இருக்கையாகப் பார்த்து இருந்தார். நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்போடு எல்லோரும் ஏறிவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து வசந்தன் யாருடையதோ பையை வைக்கப் பின்கதவைத் தூக்கினான். தூக்கிய கதவில் இருந்த பெயர் உள்ளே இருந்தவருக்குக் கண்ணாடியில் தெரிந்ததோ, யாராவது வாசித்தார்களோ, அமரர் சூசைப்பிள்ளை என்ற பெயர் அவர் காதுக்கோ கண்ணுக்கோ போய்விட்டது. இறங்கிவிட்டார். நான் போய்க் கேட்டேன். பகிடி போன முகத்தோடு சொன்னார்: "நானும் சூசையும் ஒரு தோணியிலை தொழில் செய்தனாங்கள். அவன் வா எண்டு கூப்பிட்டு நான் ஒருநாளும் மாட்டன் எண்டு சொன்னதில்லை, தங்கச்சி."

அன்றைக்கு வான் வெறுமையாகத் திரும்பி வந்தது. பிறகும் முயன்றோம். ஒருவர் இருவர் மழைக்கு ஒதுங்குவது போல ஏறினார்கள், அடுத்த முறை வரவில்லை. ராசேஸ்வரி ஒருநாளும் ஏறவில்லை, ஏன் என்றும் சொல்லவில்லை. பஸ் வசதியாக இருக்கிறது என்றாள். அவள் மரியாதைக்காகப் பொய் சொல்கிறாள் என்று தெரிந்தது. கடைசியில் வானை மாமரத்துக்குக் கீழே நிறுத்திப் படங்கு போட்டு மூடினோம்.

மூடிய வானுக்கும் விருந்தாளிகள் குறையவில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள், காசு தந்தவர்கள், குடும்பம் குடும்பமாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். படங்கை விலக்கி, தகப்பனின் பெயருக்குப் பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்தார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். சுவிஸில் இருந்து வந்த ஒருவர் தன் தகப்பனின் பெயர் சில்லுக்கு மேலே இருக்கிறதே, சேறு அடிக்குமே என்று குறைப்பட்டார். சேறு அடிக்காது, வான் ஓடுவதில்லை என்றேன். அப்ப சரி என்றார். பகிடி இல்லை, உண்மையாகவே மனம் ஆறிச் சொன்னார். அந்த "அப்ப சரி" என்ற சொல் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. ஆனால் அந்த மனிதரில் எனக்குக் கோபம் இல்லை. பெயர் போடலாம் என்று நாங்கள் சொன்னோம். அவர் அதற்கு வந்தார். வான் எதற்கு என்பதை நாங்கள் அவருக்கு மறக்கச் செய்துவிட்டோம்.

உன்னிடம் சொன்னேன். பெயர்களை எடுக்க வேண்டும், தந்தவர்களிடம் கேள் என்றேன். "அம்மா, உங்களுக்கு விளங்கேல்லை. அந்தப் பெயர் இல்லாட்டி வானே இல்லை" என்றாய். உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெயர் இருந்தாலும் வான் இல்லை என்பதை நீ கேட்க ஆயத்தமாக இல்லை. வாக்குக் கொடுத்துவிட்டோம் என்றாய், சங்க விருந்தில் படங்களைத் திரையில் காட்ட வேண்டும், அதுவரை பொறுங்கள் என்றாய். இவர்கள் எல்லாம் மூடநம்பிக்கைக்காரர், பழகிவிடுவார்கள் என்றும் சொன்னாய். மூடநம்பிக்கையா இல்லையா என்று நான் வாதாடவில்லை. வானில் ஏறவேண்டியவர்கள் அவர்கள்தான். உன் பக்கத்தில் மட்டும் இன்னும் பச்சைக் கோடு நிரம்பி, "நிறைவேறியது" என்று எழுதியிருக்கிறது. நான் அறிந்த செய்தியில், காரியம் நடந்த பிறகுதான் நடந்தது என்று எழுதுவோம்.

மார்கழி மழை வந்தது. கரவெட்டி ஒழுங்கைகளில் வெள்ளம் நின்று, பஸ்கள் ஒழுங்காக ஓடாத வாரம் அது. ராசேஸ்வரி ஒருநாள் போகவில்லை. அடுத்த முறை வெளிக்கிட்டு, பஸ் வராமல் திரும்பி வீட்டுக்குப் போனாள். அவளுக்கு இரண்டு முறை தவறுவது சின்ன விஷயம் இல்லை. உடம்பில் நீர் சேர்ந்து நெஞ்சுக்குள் இறங்கி, மூச்சுவிட முடியாமல் அம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். அந்த நேரமெல்லாம் அவளுடைய படத்தைக் காட்டி வாங்கிய வான், டீசல் அடித்து, காற்று நிரப்பி, எங்கள் மாமரத்துக்குக் கீழே நனையாமல் நின்றது. அவளுக்கு என்னை அழைக்கத் தோன்றவில்லை. எனக்கும் அவளை அழைத்து விசாரிக்கத் தோன்றவில்லை. அவளுடைய மகள் சொல்லித்தான் தெரிந்தது.

வார்டில் போய்ப் பார்த்தேன். முகமும் கால்களும் வீங்கி, ஒட்சிசன் குழாயோடு சாய்ந்து இருந்தாள். கதைக்கக் கஷ்டப்பட்டாள், ஆனாலும் கதைத்தாள். நான் வானைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

"எனக்கு மற்ற ஆக்களின்ரை பேர் பிரச்சினை இல்லை, அக்கா. அவையளை எனக்குத் தெரியாது. முன்னுக்கு அண்ணையின்ரை பேர். அவர் எனக்குப் பக்கத்திலை கிடந்தவர். ரெண்டு பேருக்கும் ஒரே வருத்தம். அவர் போய்ச் சேந்த இடத்துக்கு நான் போகேல்லை எண்டு கிழமைக்கு ரெண்டுதரம் கடவுளுக்கு நன்றி சொல்லுறன். பிறகு அவரின்ரை பேரைப் போட்ட வானுக்குள்ளை ஏறி எப்பிடிப் போறது? உங்களிட்டை இதை எப்பிடிச் சொல்லுறது?"

வீட்டுக்கு வந்து படங்கை இழுத்து எறிந்தேன்.

மற்றப் பெயர்களில் கைவைக்க எனக்கு உரிமை இல்லை. அவை நம்பித் தரப்பட்டவை, கேட்காமல் எடுப்பது களவு. ஆனால் ஒரு பெயரை எடுக்க நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வசந்தன் ஏணி கொண்டுவந்தான். தான் உரிப்பதாகச் சொன்னான், நான் விடவில்லை. தலைமயிர் உலர்த்தும் கருவியால் சூடு காட்டி, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, ஒவ்வொரு எழுத்தாக நானே உரித்தேன். படங்கு போட முன்னம் வெயிலில் கிடந்து இறுகிப்போயிருந்தது. அழுதேனா என்று நீ கேட்பாய். இல்லை. அண்ணாந்து நின்று கழுத்து நொந்தது, எரிச்சலாக இருந்தது, உன்மேல் கோபமாக இருந்தது. உன் அப்பா இருந்திருந்தால் ஏணிக்குக் கீழே நின்று, இந்தப் பக்கம் பிடி, அந்தப் பக்கம் இழு என்று அதிகாரம் பண்ணியிருப்பார் என்று நினைத்தபோது மட்டும் கொஞ்சம் நிறுத்தி நின்றேன். உரித்து முடிந்த இடத்தில் வெயில் படாத வெள்ளை பளிச்சென்று தெரிந்தது. உற்றுப் பார்த்தால் பெயரை இன்னும் வாசிக்கலாம். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். நீ பார்த்தாய் என்று நீல அடையாளம் விழுந்தது. பதில் வரவில்லை. அடுத்த நாள் இரண்டாவது வானின் வரைபு வந்தது.

அதனால்தான் இந்தக் கடிதம். இன்னொரு வான் வேண்டாம். இருக்கிற வானுக்கு டீசல் வேண்டும், வசந்தனுக்குச் சம்பளம் வேண்டும், ரயர் தேயும், காப்புறுதி கட்ட வேண்டும். இவற்றில் ஒன்றும் உன் முதல் பக்கத்தில் இல்லை. ஏன் இல்லை என்று யோசித்தேன். டீசலில் பெயர் எழுத முடியாது. நெல்லியடியில் இருந்து யாழ்ப்பாணத்துக்குப் போய் வரும்போது அது எரிந்து முடிந்துவிடும், அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்க எதுவும் மிஞ்சாது. ஆகவே ஒருவரும் அதற்குத் தரமாட்டார்கள் என்று நீ கேட்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்டாய். எங்கள் ஆட்களை நீ குறைத்து மதிப்பிடுகிறாய் என்று நினைக்கிறேன். பெயர் போடுவீர்களா என்று கேட்டவரிடம், "இல்லை, ஆனால் இந்தக் கிழமை இவரை ஏற்றி இறக்கினோம்" என்று நாங்கள் சொன்னால், அவர் தராமல் விடுவாரோ தெரியாது. கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். எனக்குப் பதில் தெரியாது, உனக்கும் தெரியாது.

விருந்தில் பேசப் போகிறாய். எப்படிக் காசு சேர்த்தாய் என்று சொல். நீ செய்தவற்றில் நல்லவை நிறைய இருக்கின்றன, அவற்றை ஒளிக்கத் தேவையில்லை. பிறகு, வான் ஓடவில்லை என்று சொல். ஏன் ஓடவில்லை என்று சொல். அவர்களிடம் பெயரை எடுக்க அனுமதி கேள். திரையில் மற்றப் படங்களைக் காட்டுவதற்கு முன்னால் நான் அனுப்பிய படத்தைக் காட்டு, உன் அப்பாவின் பெயர் இருந்த இடத்தை. மற்றவரிடம் கேட்பதற்கு முன் உன்னுடையதைக் கொடுத்துவிட்டாய் என்று அவர்கள் காணட்டும். பக்கம் திறப்பதற்கு முன் உன் சொந்தக் காசைத்தான் முதலில் போட்டாய், நினைவிருக்கிறதா? அதே முறைதான், அம்மாவுக்கு விளங்கவில்லை என்று சொல்லாதே. கோபப்படுகிறவர்கள் இருப்பார்கள். சிலர் காசைத் திருப்பிக் கேட்கவும் கூடும். அந்த வெட்கத்தை உன்னால் தாங்க முடியும். ராசேஸ்வரிக்கு இன்னொருதரம் நெஞ்சில் நீர் கோர்த்தால் அவளால் தாங்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

கடைசியாக, இன்று காலை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ராசேஸ்வரியை ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு விட்ட பிறகு அவள் சுத்திகரிப்புக்குப் போவது இன்றுதான் முதல் முறை. வானைக் கொண்டு வருகிறேன், ஏற விருப்பமில்லாவிட்டால் நான் உன்னோடு பஸ்ஸில் வருகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். வசந்தன் நெல்லியடிச் சந்தியில் கொண்டுபோய் நிறுத்தினான். அவள் முன்பக்கம் வந்து, கையைக் கண்ணுக்கு மேல் பிடித்து அண்ணாந்து பார்த்தாள். கறுப்பு எழுத்து இல்லை. ஆனால் நான் சொன்னேனே, வெள்ளையில் வெள்ளையாக இன்னும் தெரிகிறது. அவள் அதை வாசிக்கிறாள் என்று உதட்டில் இருந்து கண்டேன். போச்சு என்று நினைத்தேன்.

"அண்ணை லேசிலை இறங்குற ஆளில்லை" என்றாள். பிறகு கதவைத் திறந்து முன் இருக்கையில் ஏறி, யன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு இருந்தாள். "இண்டைக்கு யன்னல் எனக்கு."

உடுப்பிட்டிப் பெண் அவளைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிப் பின்னால் ஏறினாள். அந்தோனிப்பிள்ளையர் ஏறவில்லை. பின்கதவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து என் யன்னலுக்குக் கிட்டக் குனிந்தார். "சூசை இன்னும் இறங்கேல்லைப் போலை" என்றார். பிறகு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்துபோனார். மெதுவாகத்தான் நடந்தார், இடையில் மதகுக் கட்டின்மேல் கொஞ்சம் இருந்துவிட்டு எழும்பினார்.

சூசைப்பிள்ளையின் மகள் பிரான்சில் இருக்கிறாள். அவளுடைய தொலைபேசி இலக்கம் உன்னிடம் இருக்கிறது.

அம்மா